ஹகோடாதேயில் கணவாய்க் கறி இல்லை

பிரஜாவுரிமைக்கான ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் நான் இரண்டு முறை பெயில். பாஸாகாவிட்டால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை; என் அகதிப் பத்திரத்துக்குக் கனடா விசா மறுத்துவிட்டதால், அங்கிருக்கும் தங்கச்சியைப் பார்க்க வேறு வழியும் இல்லை. மனைவி முதல் தடவையே பாஸாகிவிட்டாள். வீட்டில் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான்.

மூன்றாம் முறை, ஈஸ்ட் ஹாம் மாலை வகுப்பில் ஒரு ஜப்பான்காரியை எனக்குச் சோடியாகப் போட்டார்கள். ஹகோடாதே என்ற கடற்கரை நகரத்துக்காரி. அவருடைய ஊரை நானும் என் ஊரை அவரும் பரீட்சகருக்கு விவரிக்க வேண்டும். படம் படமாகக் காட்டினார். மலை உச்சிக்குப் போகும் கேபிள் கார், மேலிருந்து பார்த்தால் இரண்டு கடல்களுக்கு நடுவே நகரத்து விளக்குகள், ஐந்து முனைக் கோட்டை. யாழ்ப்பாணக் கோட்டைக்கும் ஐந்து மூலைதான் என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை. காலைச் சந்தையில் தொட்டியில் நீந்தும் கணவாய் மீனை நாமே தூண்டில் போட்டுப் பிடிக்கலாமாம். உடனே வெட்டிப் பச்சையாகத் தருவார்களாம். கடையில் மீன் வெட்டுகிற நானே முகத்தைச் சுளித்தேன்.

மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். "இஞ்சாருங்கோ, பச்சையெண்டு சொல்லிப் போடாதேங்கோ. கேக்கிற மனுசனுக்கு அருவருக்கும். கறி வைக்கிறவை எண்டு சொல்லுங்கோ, ஆருக்குத் தெரியப் போகுது?"

பரீட்சையில் மலையும் கோட்டையும் மனப்பாடமாய் ஓடின. கணவாய் வந்ததும், நல்ல உறைப்பாகக் கறி வைப்பார்கள் என்றேன். பக்கத்தில் இருந்த ஜப்பான்காரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லை. பச்சையாகத்தான்."

"கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் என்ன குறைந்தா போய்விடும்?"

"ருசி போய்விடும்."

"மீன் வெட்டுகிறவனுக்கே ருசி சொல்லித் தருகிறீர்களா?"

பிறகு இருவரும் பரீட்சகரை மறந்தே போனோம். மனப்பாடம் செய்யாத ஆங்கிலம் என் வாயிலிருந்து மளமளவென்று கொட்டியது. கடைசியில் பரீட்சகர்தான் கைகாட்டி நிறுத்தினார்.

"இவ்வளவு விவரமாகச் சண்டை போடுகிறீர்களே, ஹகோடாதேக்கு எப்போது போனீர்கள்?"

"இன்னும் போகவில்லை, சேர். பாஸ்போர்ட் இல்லை. அதற்காகத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்."

அவர் சிரித்தபடி எதையோ எழுதினார். "போனால் பச்சையாகவே சாப்பிட்டுப் பாருங்கள்" என்றார்.

பாஸ் என்று கடிதம் வந்த அன்று கனடாவுக்குப் போன் எடுத்து, "வாறன்" என்றேன். தங்கச்சி அழத் தொடங்கினாள். நானும் அழுதுவிட்டேன்.