டிரைவர் ரூம் மீன் குழம்பு

1. பாய் கூப்பிட்டார்

"செல்வராசு, நீ கூட்டிக்கிட்டுப் போற மீன் ஹோட்டலப் பத்தி மறுபடியும் கம்ப்ளைன்ட் வந்திருக்கு. வாயில வைக்க முடியலையாம். ஒனக்கும் அந்த ஹோட்டலுக்கும் ஏதாச்சும் டீலிங்கா?"

கேட்டவர் எங்கள் டிராவல்ஸ் ஓனர். சிதம்பரத்தில் ஆபீஸ். எல்லாருக்கும் அவர் பாய். குரலை உயர்த்தாமல் கேட்பார், அதுதான் பயமாக இருக்கும். நான் நின்றபடியே, "இன்னா பாய் இப்டி கேக்கறீங்க? கடலூர்லயே அதான் பெஸ்ட்டு. நான் வாரம் தவறாம சாப்புடறேன்" என்றேன்.

"நீ சாப்புடறது இருக்கட்டும்ப்பா. அடுத்த கெஸ்ட்டும் இதே மாதிரி சொன்னா டிரைவர மாத்துன்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்க. நானும் எவ்ளோதான் தாங்கிப் பேசறது?"

கம்பெனி என்றால் கடலூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலை. வெளியூரிலிருந்து வரும் ஆபீசர்களை நான்தான் ஏற்றி இறக்குவேன். செம்மண்டலம் கெஸ்ட் ஹவுஸில் காலையில் பிக்கப், நடுவில் மத்தியானச் சாப்பாடு, சாயந்தரம் டிராப். அதன் பிறகு குமராட்சியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்விடலாம். இந்த டூட்டி போனால் திருப்பதி, சபரிமலை என்று நாள்கணக்கில் ஓடும் லைன் டிரிப்தான். டிஸ்க் விலகின முதுகை வைத்துக்கொண்டு அதை ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு மீன் குழம்பை நம்பித்தான் என் பிழைப்பு இருந்தது. அது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

2. நாக்கா, ஹோட்டலா?

இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கெஸ்ட் வண்டியில் ஏறியதும் ஏசியைக் கூட்டச் சொல்வார், அடுத்து, "இங்க நல்ல ஹோட்டல் எது?" என்பார். நான் மூன்று இடம் வைத்திருந்தேன். சிதம்பரம் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தேர் வீதிப் பக்கம் ஒரு சைவ ஹோட்டல், இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், துறைமுகத்துப் பக்கம் ஒரு மெஸ். மூன்றாவது இந்தப் பெரிய மீன் ஹோட்டல், ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில், கார் பார்க்கிங், ஏசி ஹால் எல்லாம் உண்டு.

என்னைக் குழப்பியது இதுதான். சைவ ஹோட்டலைச் சுமார் என்று நினைத்துக்கொண்டே காட்டுவேன், கெஸ்ட் பாராட்டுவார். ஓ.டி. மெஸ்ஸில் பெஞ்சு ஆடும், ஃபேன் சத்தம் போடும், கெஸ்ட் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்குவார். உயிரைக் கொடுத்து நான் சிபாரிசு பண்ணுகிற ஒரே இடத்தில்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

முதலில் வடநாட்டுக்காரர்களுக்கு நம் மீன் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு கோயம்புத்தூர்க்காரரும் அதையே சொன்னார். கடல் இல்லாத ஊர் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மற்ற டிரைவர்களிடம் கேட்டால் ஒருத்தர் விடாமல், "மாமா, அத அடிச்சிக்க ஆளே இல்ல" என்றார்கள். போனில் ரிவ்யூ பார்த்தால் பாதிப் பேர் ஐந்து ஸ்டார், பாதிப் பேர் ஒரு ஸ்டார். நடுவில் ஆளே இல்லை. ஒரே குழம்பைச் சாப்பிட்டவர்கள் மாதிரியே தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அம்சா சட்டியைக் கழுவிக்கொண்டே, "ஹோட்டல்ல கோளாறு இல்ல, ஒங்க நாக்குலதான் கோளாறு. நான் ஆக்குனா உப்பு ஜாஸ்தி, புளி ஜாஸ்தி. வெளிய எத போட்டாலும் ஆகா ஓகோ" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் அதை நிஜமாகவே யோசித்தேன். தூக்கம் சரியாக வரவில்லை.

3. தூத்துக்குடி ஆடிட்டர்

அடுத்து வந்த கெஸ்ட் அருள்ராஜ் சார். ஹெட் ஆபீஸ் ஆடிட்டர், தூத்துக்குடிக்காரர். மீன் சாப்பிட்டே வளர்ந்தவர். ஓ.டி. மெஸ்ஸுக்குப் போயிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் என் நாக்கு சரியா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வண்டியை அந்த மீன் ஹோட்டலுக்கே விட்டேன்.

இறங்கியதும் வழக்கம்போல் நான் பின்பக்கம் திரும்பினேன். அவர் கையைப் பிடித்தார்.

"எங்க போறீய அண்ணாச்சி? வாங்க, ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்."

"இல்ல சார், எங்களுக்குப் பின்னாடி தனியா ரூம் இருக்கு. வண்டி கொண்டாந்தா டிரைவருக்குச் சாப்பாடு ஃப்ரீ."

"நான் வாங்கித் தாரேன், வாங்க."

அத்தனை வருடத்தில் அந்த ஏசி ஹாலுக்குள் அன்றுதான் முதல் முறையாகக் கால் வைத்தேன். குழம்பு வந்தது. சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

தலை சுற்றியது. சிவப்பாக, கெட்டியாக, பூண்டு பேஸ்ட் வாடையோடு ஏதோ ஒன்று. மீன் தனியாக நின்றது, குழம்பு தனியாக நின்றது. டேபிள் மாறி வந்துவிட்டதோ என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். என்னை ஹாலுக்குள் பார்த்து அவரே முழித்தார்.

"இது இன்னா கொழம்பு? எப்பவும் போடறத கொண்டாங்க."

"எப்பவும் இதான் மாமா. சிக்கனுக்கும் மீனுக்கும் மாஸ்டர் ஒரே கிரேவிதான் போடுவாரு. நீ சாப்புடறது வேற. ஸ்டாஃபுக்கு அஞ்சலை அக்கா பின்னாடி தனியா ஆக்கும். டிரைவருங்களுக்கும் அதுலதான் ஊத்தறது."

அருள்ராஜ் சார் கையை இலைமேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அத ஒரு பிளேட் கொண்டாங்க" என்றார்.

"அது விக்கிறது இல்ல சார். டிரைவருக்கு மட்டுந்தான். ஓனர் ஆர்டர்."

"நான் காசு தாரேன்."

"காசுக்குக் கெடையாது சார்."

சார் என் பக்கம் திரும்பினார். பிறகு என் முன்னால் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

எதற்கென்று புரியாமல் கொடுத்தேன். சாவி வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு, டக்-இன் பண்ணிய சட்டையோடு அவர் பின்பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். டிரைவர் ரூம் வாசலில் அஞ்சலை அக்கா கரண்டியோடு நின்று, "எந்த வண்டி?" என்று கேட்டது.

"வாசல்ல நிக்கிற வெள்ள வண்டி."

அக்கா அவருடைய ஷூவைப் பார்த்தது, சாவியைப் பார்த்தது. "புது டிரைவரா? ஒக்காரு" என்று தட்டைப் போட்டது. சங்கரா மீன், மாங்காய் போட்ட குழம்பு. அந்த வாசனையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் நாக்கில் கோளாறு இல்லை.

நான் ஹாலுக்குத் திரும்பி கெஸ்ட் சாப்பாட்டைக் கஷ்டப்பட்டு முடித்தேன். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அப்ப இங்க டிரைவர் யாரு, கெஸ்ட் யாரு? பில்ல யார்கிட்ட குடுக்கறது மாமா?"

4. திரும்பும்போது

வண்டியில் சார் ஏசியைக் கூட்டச் சொன்னார். நெற்றியில் வேர்வை. சிப்காட் கேட் வரும்போது சொன்னார்.

"ரெண்டு தட்டு சாப்பிட்டேன். நீங்க யாரையும் ஏமாத்தல அண்ணாச்சி. நீங்க சாப்பிட்டதத்தான் சொல்லியிருக்கீய. கம்பெனில நான் பேசிக்கிடுதேன்."

பேசினார். டூட்டி எனக்கே நின்றது. பாயிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, தாடியைத் தடவினார். "நம்ம டிரைவருங்க எல்லாருமே இப்டித்தானே சொல்லிக்கிட்டுத் திரியறாங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு நல்ல சோறு போட்டு எங்கள் வாயாலேயே ஊர் முழுக்க விளம்பரம் பண்ணியிருக்கிறார் அந்த ஓனர். கெட்டிக்காரத்தனமா, இல்லை அஞ்சலை அக்கா கைப்பக்குவம் அவருக்கே தெரியாதா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெரிந்திருந்தால் அந்த அக்காவை முன்பக்க அடுப்பில் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்?

மற்ற இரண்டு இடங்களில் டிரைவர் ரூம் கிடையாது. கெஸ்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் இலையில் விழுவதே என் இலையிலும் விழும். அதனால்தான் அங்கே என் பேச்சு பொய்க்கவில்லை.

தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஓசிச் சோறு சாப்பிடாதே என்று சொல்லமாட்டேன், நானும் சாப்பிடுகிறவன்தான். ஆனால் ஒரு ஹோட்டலை நல்லது என்று கெஸ்ட்டிடம் சொல்வதற்கு முன், ஒரு தடவையாவது யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, காசு கொடுத்து, முன் வாசல் வழியாக உள்ளே போய்ச் சாப்பிட்டுப் பார். போன வாரம் அம்சாவைக் கூட்டிக்கொண்டு ஓ.டி. மெஸ்ஸுக்கு அப்படித்தான் போனேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இங்கயும் உப்பு ஜாஸ்திதான், ஆனா இத ஆகா ஓகோன்னு நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே. ஓசில போட்டாத்தான் ஆகா ஓகோவா?" என்றாள். நான் அவள் இலையில் இன்னொரு மீனை எடுத்து வைத்தேன்.