நெருஞ்சி திரும்பிய காலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. ஒருத்தரையும் பசியோடு படுக்கவிட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன், அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

எட்டு வயதில், பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை, அப்பாவின் தங்கையோடு வெண்ணாற்றங்கரை வழியாகப் பூதலூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அத்தை அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திரும்பப் போகமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்படியும் பத்து மணி ரயிலில் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதென்று அப்பா முடிவு செய்துவிட்டார். டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய்விட்டார். அத்தைக்குத் துணை நான்.

கரையெல்லாம் பூ. தும்பையைப் பிடுங்கித் தேன் உறிஞ்சினேன். ஊதாக் கொழுஞ்சியைக் காதில் செருகிக்கொண்டேன். வழக்கமாகக் கையைப் பிடித்து இழுக்கிற அத்தை அன்று ஒவ்வொன்றுக்கும் நின்றாள். எருக்கம்பூவின் நடுவில் இருக்கிற குட்டிக் கிரீடத்தைப் பிய்த்துக் காட்டச் சொன்னாள். நெருஞ்சி மஞ்சளாகப் படர்ந்திருந்த இடத்தில் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

“அத்தே, இது சூரியன் போற பக்கமே திரும்பும், தெரியுமா?”

“போடி பொய்க்காரி! பூவுக்குக் கழுத்தா இருக்கு?”

“சத்தியமா அத்தே!”

“அப்ப உக்காரு. திரும்புதான்னு பாத்துடுவோம்.”

உட்கார்ந்தோம். நான் கண் கொட்டாமல் பூவைப் பார்த்தேன். அத்தை ஸ்டேஷன் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ரயில் ஊதியது. சத்தம் தேய்ந்து அடங்கியது. அதற்குள் பூவும் கொஞ்சம் திரும்பியிருந்தது. கைதட்டிக் குதித்தேன்.

கட்டிய பெட்டியோடு அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

“நாந்தாம்ப்பா. பூ திரும்புறதைக் காட்டுனேன்.”

அடி விழவில்லை. அவர் தங்கையின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுப் பொண்ணை அனுப்பக்கூடாது. வாம்மா, வீட்டுக்குப் போவோம்.”

அந்த வெள்ளிக்குப் பிறகு எத்தனையோ திங்களும் புதனும் வந்தன. பெட்டியை யாரும் கட்டவில்லை.

அத்தைக்கு ஒரு புதுசு சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று வெகுகாலம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதே கரையில் நெருஞ்சி முள் தைத்துத் தைத்தே வளர்ந்தவள் அவள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கேடி பேத்தி, இதைப் படித்துக் காட்டு. அத்தை உட்காருகிற இடத்தில் மட்டும் அவசரப்படாதே.