ரங்கூன் குதிரை

அய்யனாருக்கு மண்குதிரை செய்வதில் எனக்குப் பிடித்தது, அதிகம் பேச வேண்டாம் என்பதுதான். குதிரைகளைத் தூக்கிக் கோயிலில் சேர்க்கிற புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஊர்த் தலைவரான அம்பலகாரர் கோயில் முன்னால் ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் கொடுப்பார். பிடிமண்ணை வாங்கிவிட்டால் சம்மதித்ததாக அர்த்தம். வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதன் பிறகு பொட்டலில் கொட்டகை போட்டுக்கொண்டு, களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்து, நான்கு கால், வயிறு, கழுத்து, தலை என்று ஏற்றிக்கொண்டே போவேன். குதிரையும் என்னோடு பேசாது.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் அங்கே இருந்த நம் ஆட்கள் காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள் அல்லவா? அதற்கு அடுத்த வருஷம், அன்னவாசலுக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் பிடிமண் கொடுக்கிற அன்றைக்கு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பர்மாக்காரர் வந்தார். அரிசி ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். பெண்சாதியையும் நாலு வயது மகளையும் ஒரு கம்பளியையும் மட்டும் மிச்சம் கொண்டு வந்தவர்.

அவருக்கு ஒரு நேர்த்தி பாக்கி இருந்தது. குண்டு விழுந்த அன்று மகளுக்குக் கடுங்காய்ச்சல். ஒரு சீனாக்காரக் கோயில் சுவரோரம் மூன்று பேரும் ஒதுங்கியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் கூரைமேல் ஒரு மிருகம். "அய்யனாரே, பிள்ளைய ஊர்ல கொண்டு சேத்துரு, இதே மாதிரி ஒண்ணு ஒனக்குச் செஞ்சு நிறுத்துறேன்" என்று அதைக் கைகாட்டி வேண்டிக்கொண்டாராம்.

அம்பலகாரர் கேட்டார்: "ஏய்யா, காட்டுனதுதான் காட்டுன, ஒரு குதிரையப் பாத்துக் கையக் காட்டியிருக்கக் கூடாதா?"

"அங்கிட்டுக் குதிரை இல்லீங்க. குண்டு சத்தத்துல எல்லாம் ஓடிப்போச்சு."

"அப்ப இது மட்டும் ஏன் ஓடல?"

"இது சுதையில செஞ்சதுங்க."

அது சரியான பதில் என்று எல்லோருக்கும் பட்டது. ஆனாலும் அய்யனார் குதிரையில் போகிறவர். வேறு எதையும் கோயிலில் நிறுத்தினதில்லை. அம்பலகாரர் தாடையைச் சொறிந்தார். "அது நெருப்புக் கிருப்புக் கக்குமா?"

"இல்லீங்க. அது மழைக்கு உண்டானதுன்னு சீனாக்காரன் சொல்லுவான்."

அந்த வருஷம் கண்மாய் வெடித்துக் கிடந்தது. மழை என்றதும் அம்பலகாரர் குரல் இறங்கிவிட்டது. "சரி, என்னத்தையும் செஞ்சுக்க. பேரு மட்டும் குதிரைன்னே இருக்கட்டும். நாளைக்கு அசலூருக்காரன் வந்து கேட்டான்னா குதிரைன்னுதான் சொல்லணும். எல்லாருக்கும் வெளங்குச்சா?"

எல்லோருக்கும் விளங்கியது. நான் மட்டும், என்னால் ஆகாது என்று சொல்வதற்கு மரியாதையான வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பர்மாக்காரர் பிடிமண்ணை என் கையில் வைத்து, இரண்டு கையாலும் மூடிவிட்டார். "வேளாரே, பிள்ளைக்குப் பதினஞ்சு நாளைக்கொருக்கா குளிர்காய்ச்சல் வந்து தூக்கிப் போடுது. நேர்த்தி பாக்கி நிக்குறதுனாலதான். சொன்னது சொன்னபடி இருக்கணும். ஒரு செதில் கொறஞ்சாலும் சாமி கேக்கும்" என்றார். மண் என் கைக்குள் வந்துவிட்டது. சம்மதித்ததாக அர்த்தம்.

மறுநாள் கொட்டகைக்கு அடையாளம் சொல்ல வந்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணை மிதித்தேன். என் சார்பில் கேட்டவள் என் மனைவி.

"ஒடம்பு எப்படிண்ணே?"

"பாம்பு மாதிரி."

"காலு?"

"நாலு. உடும்புக் காலு மாதிரி குட்டையா, நகம் பெருசா."

"வெரலு எத்தனை?"

"எண்ணலம்மா. குண்டு விழுந்துக்கிட்டிருந்துச்சு."

"முகம்?"

"ஒட்டகம் மாதிரி."

"இவரு ஒட்டகத்தப் பாத்ததில்ல."

"குதிரைன்னும் சொல்லலாம்."

அதுவரை கேட்டதில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்த ஒரு சொல்தான். அதற்குமேல் மான்கொம்பு, கெண்டைச் செதில், கெளுத்தி மீசை என்று அடுக்கினார். அவர் போனதும் என் மனைவி, "பரவால்ல, எல்லாம் நம்ம ஊர்ல இருக்குற சாமான்தான்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சாமான் எதையும் நான் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்னவாசல் சந்தையில் கெளுத்தி வாங்கிவந்து, சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே நீளமாக ஒரு ஜோடி, கீழே குட்டையாக ஜோடி ஜோடியாக, மீசை மட்டும் எட்டு. முப்பது வருஷமாகத் தின்கிற மீன். "பாத்தது போதும், கொழம்பு கொதிக்குது" என்று அவள் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உடும்புக்காகக் கண்மாய்க்கரைப் புதரில் மூன்று நாள் குந்தியிருந்தேன். பெண் வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திரும்புகிற மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி, வயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துக்கொண்டு வந்தது. என்னைக் கண்டதும் கழுத்தை உப்பவைத்து, பிளந்த நாக்கை நீட்டி, இது யாருடைய கரை என்று கேட்பதுபோல் நின்றது. எழுந்து வழிவிட்டேன்.

வாய் மட்டும் பிடிபடவில்லை. குடுமியான்மலை கோயில் மண்டபத்துத் தூணில் யாளி இருக்கிறதே என்று ஒருநாள் விடியற்காலையில் நடந்தேன். சிங்க முகம், யானைத் துதிக்கை, பிதுங்கின கண். வாய்க்குள் பல் வரிசையில் விரலை விட்டு அளந்து பார்த்தேன். கோயில் காவல்காரர், "என்னய்யா, சாமி வாயில கைய விடுற?" என்று அதட்டினார். குதிரை செய்கிறேன் என்றேன். "குதிரைக்கு ஏன்யா இங்க வந்து பல்லுப் பாக்குற?" என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கல் வேலைக்காரனை நினைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன். அவனும் யாளியைக் கண்டிருக்க மாட்டான். தெரிந்த மிருகங்களிடம் ஆளுக்கொன்று வாங்கித்தான் ஒப்பேற்றியிருக்கிறான். யாரும் அவனிடம் இது எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. பார்த்தவுடன் பயம் வருகிறது. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

வேலையை ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் மணலில் கோடு போட எனக்கு வரும். போட்டுக் காட்டினால் பர்மாக்காரர், "இப்படி நிக்காது" என்பார். எப்படி நிற்கும் என்பதைச் சொல்லத் தெரியாமல் ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே நான்கு காலில் நின்றார். தலையைப் பின்னால் வளைத்து, பல்லைக் காட்டி, ஒரு கையைத் தூக்கி விரல்களை விரித்தார். "இந்தா, இந்த மாதிரி." அந்த நேரம் பார்த்து அம்பலகாரர் வேலையைப் பார்வையிட வந்துவிட்டார். தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "குதிரை நல்லா வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஆனால் மிருகம் நிற்கவில்லை. குதிரைக்கு வயிறு குட்டை, கால் நெட்டை. பாரத்தைக் கால் தாங்கிவிடும். இதற்கோ பதினைந்து அடி உடம்பு, முழ உயரக் கால். நடுவயிறு இரண்டு முறை தொய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் முறை கட்டுவதற்கு முன்னால் நான் தலையில் கைவைத்துக் குந்திவிட்டேன். பர்மாக்காரரும் பக்கத்தில் வந்து குந்தினார். "அங்க மட்டும் எப்படிண்ணே நின்னுச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

"அங்க அடியில மேகம் இருந்துச்சும்மா, சுருட்டிச் சுருட்டி."

"இத ஏன் முன்னாலயே சொல்லல?"

"மிருகத்தத்தான கேட்டீங்க, மேகத்தக் கேக்கலையே."

வயிற்றுக்கு அடியில் மூன்று இடத்தில் சுருள்சுருளாக மேகம் வைத்தேன். மிருகம் எழுந்து நின்றது. அன்றைக்குச் சோறு இறங்கியது. சுற்றிலும் வைக்கோலும் எருமுட்டையும் அடுக்கி, மேலே சேறு பூசி, நெருப்பு வைத்து, ஆறவிட்டுப் பிரித்தபோது இடதுபக்க மீசை மட்டும் ஒடிந்திருந்தது. கயிற்றைச் சுண்ணாம்பில் தோய்த்து ஒட்டினேன். கொஞ்சம் தொங்கியது. "தொங்கட்டும், ஒங்க மீசையும் அப்படித்தான இருக்கு" என்றாள் மனைவி.

புரவி எடுப்பன்று பொட்டலில் பதினோரு குதிரைகள் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவதாக அது. அசலூர்க்காரர்கள் கேட்டபோதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் முகம் மாறாமல், "அது ரங்கூன் குதிரை" என்றார்கள். கேட்டவர்களுக்கு ரங்கூன் மேல் ஒரு மரியாதை வந்தது. எல்லாக் குதிரைக்கும் கண் திறந்து, கடைசியாக இதற்குத் திறக்க மைக்குச்சியை எடுத்தேன்.

அப்போதுதான் பர்மாக்காரரின் பெண்சாதி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் பிள்ளையை விட்டு நகர முடியாமல் அந்த மூன்று மாதமும் அவர் பொட்டல் பக்கமே வந்திருக்கவில்லை. அந்தக் கூரையை அவரும் பார்த்தவர் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "ரெக்கைய எங்க?" என்றார்.

பர்மாக்காரர் அவர் பக்கம் ஓடிவந்தார். "ஏது ரெக்கை?"

"ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு நின்னுச்சே. அதப் பாத்துத்தான நானும் கும்பிட்டேன்."

"அது ரெக்கை இல்ல. பின்னால எரிஞ்சுக்கிட்டிருந்த பொகை."

"பொகை எது, ரெக்கை எதுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் அடுப்பூதுறவ நான்."

கொட்டு மேளம் நின்றுவிட்டது. என் மனைவி என் பக்கம் திரும்பி, "ரெக்கை வைக்க முடியுமா?" என்றாள். ஊரே என்னைப் பார்த்தது. "அவ்வளவு பாரம் சுட்ட மண்ணுல ஒட்டாது" என்றேன். அன்றைக்கு நான் ஊர் கேட்கப் பேசியது அவ்வளவுதான். அம்பலகாரர் மட்டும், "குதிரைக்கு எதுக்குப்பா ரெக்கை?" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பர்மாக்காரர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேளத்தை மறுபடி அடிக்கச் சொன்னார்கள். சாமியாடிக்கு அருள் வந்து, பதினோரு குதிரையையும் தட்டிக்கொடுத்து, இதன் முன்னால் வந்து நின்றார். பர்மாக்காரர் காலில் விழுந்தார். "சாமி, நான் சொன்னபடி செஞ்சுட்டேனா? கொறை இருந்தாச் சொல்லிரு."

சாமியாடி மிருகத்தை ஏற இறங்கப் பார்த்தார். தொங்கின மீசையைத் தொட்டு ஆட்டினார். பிறகு, "ஏண்டா, நான் என்ன ரெக்கையிலயா ஒக்காரப் போறேன்? முதுகுல எடமிருக்கா இல்லையா?" என்றார்.

"இருக்கு சாமி."

"பெறகென்ன? தூக்குங்கடா!"

நான் அவசரமாகக் கண்ணைத் திறந்தேன். இருபது பேர் தோள் கொடுத்தார்கள். வண்டிப்பாதை வளைகிற இடத்தில் குதிரைகள் திரும்பிவிட்டன. இது நீளத்தினால் திரும்ப மறுத்துவிட்டது. கடைசியில் அம்பலகாரரின் வரகுக் கொல்லைக்குள் இறங்கித்தான் கோயிலுக்குப் போனது. அவர் வரப்பில் நின்று, "மெதுவா, மெதுவா" என்றார். மிருகத்துக்குச் சொன்னாரா வரகுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு டிராகன் என்கிறார்கள். படத்தில் நெருப்புக் கக்குமாம். எங்களுடையது கக்கவில்லை. மழையும் அந்த வருஷம் பாதிதான் பெய்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் பிறகும் இரண்டு முறை வந்தது. அன்னவாசல் ஆஸ்பத்திரி கொயினா மருந்தில் நின்றது. அதற்காக யாரும் மிருகத்தைக் குறை சொல்லவில்லை. பர்மாக்காரர் வீட்டில் ரங்கூனிலிருந்து நடந்துவந்ததைப் பற்றி ஊர் வந்த நாள் முதல் புரவி எடுப்பு வரை ஒரு வார்த்தை பேசினதில்லையாம். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் எழுந்து போய்விடுவாராம். இதை அந்த அம்மாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

புரவி எடுப்பன்று கோயிலிலிருந்து திரும்பும்போது அவர்கள் எங்களுக்கு முன்னால் கண்மாய்க்கரையில் போனார்கள். மகள் பர்மாக்காரர் தோளில் இருந்தாள்.

"சரி, ரெக்கைய விடு" என்றார் அவர். "கூரை மூலையில மணி தொங்குச்சே, அதாவது தெரியுமா?"

"மணியா? அது சேவல்."

"சேவலு தொங்குமா?"

"மணிக்கு வாலு இருக்குமா?"

அவர் நடுக்கரையில் நின்றுவிட்டார். தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேலே இருந்த பிள்ளை அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கூரைப்பா?" என்று கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.