டெல்மிரா கேட்ட இன்டர்காம்

டெல்மிரா ஓலாசா எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். உருகுவேயின் மொண்டெவிடியோவில் ஒன்பது வீடுகள் கொண்ட பழைய கட்டடம் எங்களுடையது. அவர் கம்பளி ஆலையில் இருபத்தெட்டு வருடம் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே யார் வந்து இன்டர்காம் பொத்தானை அழுத்தினாலும் மறுகேள்வி இல்லாமல் மேலிருந்தே தெருக்கதவைத் திறந்துவிடுவார். நல்ல மனசு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

போன மே மாதம் ஒரு மத்தியானம், கீழ்க்கூடத்தில் இருந்த ஃபியோரெல்லாவின் சைக்கிள் காணாமல் போயிற்று. அவள் நர்ஸ், விடியற்காலையில் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பழி தரைத்தள வால்டெமார்மேல் விழுந்தது. டாக்சி ஓட்டுபவன், சாப்பிட வரும் அவசரத்தில் தெருக்கதவைச் சரியாகச் சாத்தாதவன்.

"டாக்சிக் கதவை மட்டும் நல்லா அடிச்சுச் சாத்தத் தெரியுது உனக்கு!" என்று ஃபியோரெல்லா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் யாரோடும் பேசுவதில்லை.

ஆகஸ்டில், பழைய இன்டர்காமை மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த வருடம் கட்டடத்துக்குச் செயலாளர் நான். ஞாயிறு மத்தியானம் என் வீட்டில் கூடினோம். மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டு மாதிரிகளைக் கொடுத்திருந்தார்: குரல் மட்டும் வருவது ஒன்று, வந்தவர் முகம் திரையில் தெரிவது ஒன்று. குரலே போதும் என்பதுதான் பெரும்பாலோர் எண்ணம். டெல்மிரா வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குரல் மாதிரியைச் சோதித்தோம். ஃபியோரெல்லா வெளியே நடையில் நின்று பேச, உள்ளே ஒவ்வொருவராகக் கருவியை வாங்கிக் கேட்டார்கள். டெல்மிராவின் முறை வந்தது.

"அக்கா, இன்னிக்கு உங்க வீட்டுல என்ன சமையல்?"

"சரி சரி, திறந்துட்டேன், மேல வா."

எல்லோரும் சிரித்தோம். வால்டெமார்கூடச் சிரித்தான். டெல்மிரா சிரிக்கவில்லை. கருவியை மெதுவாக மேசையில் வைத்தார்.

"எனக்குக் காது சரியா கேக்காது. மணி அடிச்சா தெரியும். பேச்சு வெறும் இரைச்சலாத்தான் வரும். யாருன்னு கேட்டா மட்டும் என்ன, பதில் புரியவா போகுது? அதான் திறந்துடுவேன். அன்னிக்கும் நான்தான் திறந்தேன். சன்னல்ல பாத்தா, எவனோ சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறான்." வால்டெமார் பக்கம் திரும்பினார். "உன்மேல பழி விழுந்தப்ப வாயைத் திறக்கல தம்பி. காது போனது தறியால. வாயை மூடினது நானேதான்."

வால்டெமார் எழுந்தான். படியிறங்கிப் போய்விட்டான்.

திரை வேண்டும் என்று நாலு பேர் கை தூக்கினார்கள். குரலே போதும் என்று நாலு பேர். மறுநாள் காலை வால்டெமார் என் கதவைத் தட்டினான்.

"திரை வச்சதுக்கே என் ஓட்டு. ஆனா அந்தம்மாகூட நான் பேச மாட்டேன்னு சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன்."

"சொன்னா கேக்கவா போகுது? எழுதிக் குடுங்க."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வாரமே ஃபியோரெல்லா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். டெல்மிராவைத் தன் ஆஸ்பத்திரிக்குக் காது சோதிக்கவும் அழைத்துப் போனாள். இடது காதுக்கு ஒரு கருவி கிடைத்தது. வலதுக்கு இனிப் பயனில்லை என்றார்கள்.

அக்டோபரில் ஒன்பது வீட்டுக்கும் திரை வந்தது. முதல் சில நாள் டெல்மிரா திரை மாட்டிய சமையலறையை விட்டு நகரவே இல்லை. தபால்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மனுசனுக்கு மீசை இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றார்.

மாதக் கடைசியில் நல்ல மழை. மழை நாளில் எல்லா வீட்டிலும் செய்வதுபோல அவரும் மாவு ரொட்டி பொரித்தார். ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினார். நான் அப்போது படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

வால்டெமார் கதவைத் திறந்தான். தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உள்ள வாங்க!" என்று கட்டடமே அதிரக் கத்தினான்.

"கத்தாதே" என்றார் டெல்மிரா. "என் மூஞ்சியைப் பாத்துப் பேசு, போதும்."