எந்த 'இல்லை'?

நோர்வேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒருவரை 'செரியோஸ்' என்று சொன்னால் அவர் நம்பத் தகுந்தவர் என்று பொருள். மன்னாரில் ஒருவர் 'சீரியஸ்' என்றால் சொந்தக்காரருக்கு அறிவித்துவிட வேண்டிய நிலை. இங்கே வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் ஆஸ்பத்திரி வாசல்தான் நினைவுக்கு வருகிறது. சென்ற வசந்தத்தில், மதிய இடைவேளையில், இங்க்ரிட் தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "இவர்கள் செரியோஸா?" என்று கேட்டாள். "யாருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

திரையில் மன்னார்க் கடற்கரை. ஒரே நிறச் சட்டை போட்ட பன்னிரண்டு பிள்ளைகள். 'பெற்றோர் இல்லாத இந்தப் பிள்ளைகளுடன் இரண்டு வாரம் இருங்கள்' என்று நோர்வே மொழியில் எழுதியிருந்தது. இங்க்ரிட் என்னோடு ஆறு ஆண்டுகள் ஒரே ஷிப்டில் வேலை செய்பவள். கோடை விடுமுறைக்கு ஸ்பெயினில் போய் வெயிலில் கிடப்பது அலுத்துவிட்டது, யாருக்காவது பயன்படுகிற மாதிரி ஒரு பயணம் போக வேண்டும் என்றாள். "நீ அங்கே பிறந்தவன். பத்திரிகையில் வேலை செய்தவன். நீ சரி என்றால் போகிறேன்."

பக்கத்தின் அடியில், மன்னாரில் பொறுப்பாக இருப்பவரின் பெயர் இருந்தது. அன்ரன். எனக்கு உடனே மனம் இலேசாகிவிட்டது.

அன்ரனும் நானும் மன்னாரிலிருந்து ஒரே பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு கமரா, ஒரு மோட்டார் சைக்கிள். போர் முடிந்த காலத்தில் கரையோர வீடுகளுக்குப் போய், யாரை யார் தேடுகிறார்கள் என்று எழுதினோம். ஒரு வீட்டில், எழுதியதை வாசித்துக் காட்டும்படி ஒரு தாய் கேட்டார். 'மகன் இல்லை' என்ற இடத்தில் என்னை நிறுத்தினார். "இல்லை எண்டு ஆர் சொன்னது? காணேல்லை எண்டு எழுதுங்கோ தம்பி. இல்லை எண்டு எழுதிக்கொண்டு இந்தப் படலையால போகாதேங்கோ." செய்தியில் திருத்தினேன். படத்துக்குக் கீழே போட ஏற்கெனவே அனுப்பியிருந்த வரியை மறந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் பாதி வழியில் அதைச் சொன்னதும் அன்ரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். மழை. நகரத்துக்குப் போய்த் தொலைபேசியில் அந்த வரியை மாற்றுவித்த பிறகே வீட்டுக்குப் போனோம். "ஒரு சொல்லுக்காக இவ்வளவோ?" என்று கேட்டேன். "அந்த மனிசிக்கு அந்த ஒரு சொல்தான்ரா மிச்சம்" என்றான். அதற்குப் பிறகு யாராவது 'இல்லை' என்றால், 'எந்த இல்லை?' என்று கேட்பது எங்கள் இருவருக்கும் வேலையின் பகுதியாகிவிட்டது. இந்த வீட்டில் இப்போது இல்லையா, இந்த உலகத்தில் இல்லையா?

அன்று மாலையே அன்ரனை அழைத்தேன்.

"டேய், நோர்வேக்காரா! உயிரோட இருக்கிறியோ?"

சிரித்து முடித்த பிறகு கேட்டேன். "பிள்ளையளுக்குத் தாய் தேப்பன்?"

"இல்லை மச்சான்."

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. அன்ரனிடம் அதைக் கேட்பது அவனை அவமதிப்பது போலிருந்தது. மறுநாள் இங்க்ரிட்டிடம், "செரியோஸ்தான். நானே விசாரித்தேன்" என்றேன். அவள் ஓகஸ்டில் புறப்பட்டாள். மடு மாதா கோயில் திருவிழாவுக்காக நானும் அதே நாட்களில் ஊருக்குப் போய், மன்னாரை அடுத்த கீரியில் அக்கா வீட்டில் தங்கினேன்.

தொண்டர்கள் மன்னார் நகரத்தில் ஒரு விடுதியில் தங்கினார்கள். காலை ஒன்பதுக்கு ஒரு வான் வண்டி அவர்களைத் தாராபுரத்துக்கு அப்பால் உள்ள பிள்ளைகள் இல்லத்துக்குக் கொண்டுபோகும். மூன்றரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். முதல் வாரக் கடைசியில் இங்க்ரிட்டைப் பார்த்தேன். வெயிலில் சிவந்து, பத்து வயது குறைந்தவள் போலிருந்தாள். டிலானி என்ற எட்டு வயதுப் பிள்ளை தினமும் தனக்குத் தலை பின்னிவிடுகிறது என்று சொன்னாள். "அவளுக்கு யாருமே இல்லை. அவளே சொன்னாள்" என்றுவிட்டு, தான் கற்ற முதல் தமிழை எனக்குச் சொல்லிக் காட்டினாள்: "அப்பா இல்லை. அம்மா இல்லை." உச்சரிப்புத் திருத்தமாக இருந்தது. பாராட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, மூக்குக் கண்ணாடியை இல்லத்தில் விட்டுவிட்டதாக இங்க்ரிட் அழைத்தாள். அந்தப் பக்கம் போகும் வேலை எனக்கு இருந்தது. நான் போனபோது மாலை ஐந்து மணி. படலை திறந்து கிடந்தது. பிள்ளைகளின் சத்தம் இல்லை. கண்ணாடி மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். பழைய வேலையின் பழக்கம், சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு கட்டில்கள். விரிப்புகளில் கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. பன்னிரண்டு பல் தூரிகைகள், எல்லாம் காய்ந்து, தூசி படிந்து. இராச் சாப்பாடு சமைக்க வேண்டிய நேரத்தில் அடுப்பு குளிர்ந்திருந்தது.

பின்னால் ஒரு பெண், முன்கையில் மீன் செதில் ஒட்டியபடி, டிலானியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"வான் போனாப் பிள்ளையளும் வீட்ட போயிடுங்கள் அண்ணை. இவள் தண்ணிப் போத்தலை விட்டிட்டு வந்திட்டாள், அதான்."

"நீங்கள்?"

"தாய்."

பிள்ளையிடம் குனிந்தேன். "அப்பா எங்க?"

"அப்பா இல்லை" என்றது, பழகிய வேகத்தில். பிறகு தாயைப் பார்த்துவிட்டு, "கடலுக்குப் போயிட்டார்" என்றது.

தாய் சிரித்தாள். "அன்ரன் அண்ணைதான் சொல்லிக் குடுத்தவர், கேட்டா இல்லை எண்டு சொல்லச் சொல்லி. பொய்யும் இல்லைத்தானே. அவர் கடலில, நான் மீன் காயப்போடுற வாடியில. பகலில வீட்டில ஆர் இருக்கிறது? பிள்ளை இங்கிலீசு படிக்குது, மத்தியானம் சோறும் குடுக்கினம்." என் கையிலிருந்த கண்ணாடியை அப்போதுதான் கவனித்தாள். குரல் இறங்கியது. "நீங்கள் அந்த வெள்ளை அம்மான்ர ஆளோ? சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

நான் நேரே போனபோது அன்ரன் தன் வீட்டு முற்றத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கதிரையை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"ஏன்ரா எனக்குப் பொய் சொன்னனி?"

"என்ன பொய்? இல்லை எண்டனான். எந்த இல்லை எண்டு நீ கேக்கேல்லை." நாங்கள் முன்பு சிரிக்கும் அதே சிரிப்பு. "வெளிநாட்டுக்குப் போய்த் தொழிலை மறந்திட்டாய்."

"அவள் என்னை நம்பி வந்தவள்."

"வந்து என்ன கெட்டுப்போச்சு? பிள்ளையள் படிக்குதுகள், அவ சந்தோசமா இருக்கிறா. தாய் தேப்பன் உள்ள பிள்ளைக்கு 'ஏ பி சி' சொல்லிக் குடுக்க நோர்வேயில இருந்து ஆர் மச்சான் வரப்போறது? நீ வருவியோ?"

வந்திருக்க மாட்டேன்தான். ஆனால் அவன் எடுத்தது, மழைக்குள் திரும்பிப் போய் நாங்கள் மாற்றுவித்த அதே சொல்லை. அதன் இரண்டு பக்கமும் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் ஏமாற்றுக்காரன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் காலை, வான் வருவதற்கு முன், இங்க்ரிட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்படியானால் 'இல்லை' என்றால் எதுவென்று தமிழர்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்க வேண்டும்."

"நீ கேட்டாயா?"

"இல்லை" என்றேன். அந்த இல்லைக்கு ஒரு பொருள்தான் இருந்தது.

அன்றும் அவள் வானில் ஏறினாள். பிள்ளை காத்திருக்கும் என்றாள். மாலை திரும்பியபோது தலை பின்னப்படாமல் இருந்தது. அதற்கு அடுத்த நாள், இரண்டு வாரம் முடியுமுன்பே, நோர்வேக்குப் போய்விட்டாள்.

இதை வாசிக்கும் புலம்பெயர்ந்தவர்களே, உங்களிடமும் கேட்பார்கள். நம் ஊரில் யாரை நம்பலாம், எங்கே போய் உதவலாம் என்று. இணையப் பக்கத்தில் உள்ள பெயரையும் படங்களையும் பார்த்துவிட்டுச் சொல்லாதீர்கள். தொண்டர்கள் யாரும் வராத மாதத்தில் அந்தப் பிள்ளைகள் எங்கே உறங்குகிறார்கள் என்று கேளுங்கள். ஊரில் இருப்பவர்களை மாலை ஐந்து மணிக்குச் சொல்லாமல் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றாக உண்டு உறங்கிய சிநேகிதனிடமும் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். என்னிடம் யாரும் கேட்பதில்லை இப்போது. இங்க்ரிட் மாலை ஷிப்டுக்கு மாறிவிட்டாள்.

வேலை அட்டவணையில் நான் ஊரில் நின்ற நாட்களில் என் பெயருக்கு நேரே 'புர்த்தெ' என்று எழுதியிருந்தார்கள். இங்கில்லை என்று பொருள். அதைச் சற்றுச் சுருக்கி 'போனார்' என்ற சொல்லைச் சேர்த்தால், இந்த மொழியில் இறந்தார் என்றாகிவிடும். அந்தத் தாளை இன்னும் கழற்றவில்லை. சென்ற வாரம் அதன் முன்னால் நின்றபோது கீரியிலிருந்து அக்கா அழைத்தார்.

"அன்ரன் வந்தவன். நீ இன்னும் ஊரில நிக்கிறாய் எண்டு நினைச்சிட்டான் போல. தம்பி நிக்கிறானோ எண்டு கேட்டவன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"இல்லை எண்டனான். வேற என்னத்தைச் சொல்லுறது?"

"அதுக்குப் பிறகு அவன் ஏதும் கேட்டவனோ?"

அக்கா யோசித்தார்.

"இல்லை" என்றார்.