கண்ணாடி அலமாரியில் தூங்கிய சிலிங்குகள்

முதல் நாள் தரிசனம்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு ஆலைக்குக் குழாய்களைத் தாங்கும் பைப் ரேக் கட்டிக்கொண்டிருந்த சைட்டில் நான் சேஃப்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அன்று புரோஜெக்ட் மேனேஜர் நாகப்பன் என்னை முதலில் சைட்டைப் பார்க்க அழைத்துப் போகவில்லை. ஆபீஸ் கண்டெய்னரில் இருந்த ஒரு கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கும்பிடச் சொல்லாததுதான் பாக்கி.

உள்ளே பளு தூக்கும் பெல்ட் சிலிங்குகள். எல்லாம் பச்சை நிறம், இரண்டு டன் தாங்கும் வகை. மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் டேக், டேக்கில் நம்பர். பக்கத்தில் தடியான ஃபைல். எந்த சிலிங்கை யார் பரிசோதித்தார், எப்போது, என்ன கண்டார் என்று மாதவாரியாக எழுதியிருந்தது. தூக்குகிற சாமான் ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பதிவு வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் விதி. பரிசோதனை முடிந்ததற்கு அடையாளமாக அந்தக் காலாண்டின் கலர் டேப்பும் ஒட்ட வேண்டும். அதுவும் ஒட்டியிருந்தது.

"எப்பிடி மேரி? கிளையண்ட் ஆளுங்க வந்தா அப்பிடியே வாயடைச்சுப் போயிருவாங்க."

"நல்லாருக்கு சார். இன்னிக்கு லிஃப்டிங்குக்கு இதுல எதை எடுக்கிறோம்?"

"எடுக்கிறதா? அலமாக்! இது ஆடிட்டுக்கு லா. வெளிய போனா அழுக்காயிரும்."

ஃபைலைப் புரட்டினேன். எல்லா மாதமும் 'சேதம் இல்லை'. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஏர்கோன் அறையில் படுத்துக் கிடக்கும் சிலிங்குக்கு என்ன சேதம் வந்துவிடும்? சளி வேண்டுமானால் பிடிக்கும்.

உண்மையில் பாரம் தூக்குகிற சிலிங்குகளைப் பிறகு பார்த்தேன். கிரேனுக்குப் பக்கத்தில், மழைத் தண்ணீர் தேங்கிய சேற்றில் கிடந்தன. ஐந்து டன் சிவப்பு சிலிங்குகள். சிவப்பு என்று நான்தான் மரியாதைக்குச் சொல்கிறேன். டேக் பிய்ந்துபோய், நம்பர் இல்லாமல், ஓரத்தில் நூல் பிரிந்து கிடந்தன. நம்பர் இல்லாததால் புக்கில் இல்லை. புக்கில் இல்லாததால் அப்படி ஒரு பொருளே சைட்டில் இல்லை.

பாரத்தைக் கட்டித் தூக்கும் ரிக்கிங் ஆட்களுக்கு ஃபோர்மேனான சேகர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறவன், தொழில் தெரிந்தவன்.

"அக்கா, புக்குல உள்ளது நம்ம கைக்கு வராது. நம்ம கைக்கு வர்றது புக்குல இருக்காது. பழகிக்கிருங்க."

எனக்குப் பழகுவது எப்போதும் கொஞ்சம் கஷ்டம்.

கம்பெனி சொத்து

சிவப்பு சிலிங்குகளுக்குப் பதில் புதியது வேண்டும் என்று வாரம் தவறாமல் கேட்டேன். வாரம் தவறாமல் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் நாகப்பன். மோசமானவற்றைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் அவை குளித்துவிட்டு வந்தவை போலக் கிரேன் கொக்கியில் தொங்கின. அதனால் அடுத்த முறை கத்தியை எடுத்து இரண்டை நறுக்கியே போட்டேன். எங்கள் தொழிலில் பழுதான சிலிங்கை அப்படித்தான் ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்.

செய்தி கேட்டு நாகப்பன் ஓடி வந்தார்.

"கம்பெனி சொத்தை வெட்டுறீங்களா மேரி?"

"கம்பெனி சொத்தா? எந்த புக்குல இருக்கு சார்?"

"புக்குல... இல்ல."

"அப்புறம் எப்பிடி சார் அது கம்பெனி சொத்து?"

மனிதர் விறுவிறுவென்று ஆபீஸுக்குத் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அன்று ஏக சந்தோஷம். கேண்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் வாயிலிருந்து வந்ததை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார் என்று நான் எங்கே கண்டேன்?

யாருடைய சிலிங்?

சில வாரம் கழித்து, ஏழு டன் இரும்புத் தூண் ஒன்றை நிமிர்த்தும் வேலை. நான் கிளையண்ட் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். தூண் கட்டைகளை விட்டுக் கொஞ்சம்தான் எழும்பியிருக்கிறது. அதன் கூர்மையான விளிம்பில் பழைய சிவப்பு சிலிங் ஒன்று அறுந்தது. தூண் விழுந்து, உருண்டு, கயிறு பிடித்து நின்ற சேகரின் காலில் மோதியது. கீழ்க்கால் எலும்பு முறிந்தது. ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

விசாரணைக்குக் கிளையண்டின் சேஃப்டி மேனேஜர் புவான் ரொஸ்னா வந்தார். அதிகம் பேசாத மலாய்ப் பெண்மணி; 'புவான்' என்பது மலாயில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். நாகப்பன் அவர் முன்னால் ஃபைலை விரித்து வைத்தார். விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. நாகப்பன் சொன்னதன் சாரம் இதுதான்: எங்கள் சிலிங்குகள் எல்லாம் பதிவில் இருக்கின்றன, எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. அறுந்தது பதிவில் இல்லை, ஆகவே எங்களுடையது இல்லை. சேகர்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். அதோடு நிறுத்தவில்லை. "அது கம்பெனி சொத்து இல்லை என்று மேரியே என்னிடம் சொன்னார்" என்று என்னையும் சாட்சியாக்கிவிட்டார்.

இந்தப் பழி நின்றுவிட்டால் சேகருக்கு இந்த வேலை போகும். அதோடு தீராது, கேட் பாஸையும் ரத்து செய்வார்கள். அப்புறம் பாசிர் கூடாங்கில் எந்த ஆலைக்குள்ளும் அவன் நுழைய முடியாது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலோடு, அவன் எங்கே போவான்? அவன் செய்த ஒரே குற்றம், கையில் கொடுத்ததைக் கொண்டு வேலை பார்த்ததுதான்.

நான் எழுந்தேன். "புவான், பதிவில் உள்ளவை மட்டும்தான் எங்கள் சிலிங்குகள் என்று மேனேஜர் சொல்கிறார். நல்லது. அந்தத் தூண் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பதிவில் உள்ளதைக் கொண்டே இப்போது தூக்கிக் காட்டட்டும்" என்றேன்.

ஃபைலைக் காட்டித்தான் தப்பப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் கிரேன் ஓட்டுநரிடம் ஏற்கெனவே ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன், பிரதமரே வந்து சொன்னாலும் கொக்கியை அசைக்கக் கூடாது என்று.

அலமாரியைத் திறந்து பச்சை சிலிங்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். புவான் கூடவே நடந்தார், நாகப்பன் பின்னாலேயே ஓடி வந்தார். அந்த நேரத்திலும் அவர் என் காதோரம் சொன்னது, "மேரி, மண்ணுல போட்டுறாதீங்க!"

மண்ணில்தான் போட்டேன். தூணுக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"மாட்டச் சொல்லுங்க சார். தூக்கலாம்."

அவர் தூணைப் பார்த்தார், சிலிங்கைப் பார்த்தார். பதற்றத்தில் ஆங்கிலம் எங்கோ ஓடிப்போய்ச் சொந்தத் தமிழ் வந்தது.

"விளையாடாதீங்க மேரி! அது ஏழு டன்னு! இது வெறும் ரெண்டு டன் சிலிங்கு! ரெண்டு மாட்டுனாலும் அறுந்து விழுந்துரும்!"

"அப்ப இத்தன மாசமா மத்த தூணையெல்லாம் எதுல சார் தூக்குனோம்?"

"அந்த... செகப்பு சிலிங்குலதான்."

"செகப்பு சிலிங்கு யாரு வாங்குனது சார்?"

கிரேன் ஓட்டுநர் வானத்தைப் பார்த்தார். நாகப்பன் தரையைப் பார்த்தார்.

"கம்பெனிதான்," என்றார் மெதுவாக.

அவர் என்ன சொல்கிறார் என்று புவான் ரொஸ்னா என்னிடம் கேட்டார். நான் மலாயில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் மொழிபெயர்த்தேன். இரண்டு முறையும் நிதானமாக, ஒரு வார்த்தையும் விடாமல். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக, அப்படி ரசித்து நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. புவான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நாகப்பனிடம் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார்.

கேட்டில் இருந்த போர்டு

சேகர் மீதிருந்த பழி நீங்கியது. பழைய சிலிங்குகளை எல்லார் முன்னிலையிலும் வெட்டிப் போட்டோம். புதியவை வந்தன, நம்பரோடு. நாகப்பனைச் செனாய் சைட்டுக்கு மாற்றுவதாக விசாரணை நடந்த அன்றே முடிவானது. எங்கள் தலைமை அலுவலகம் இது குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு மனிதனின் எலும்பு முறிந்ததற்கு அவர்கள் வைத்த பெயர் 'பதிவு முறையில் சிறு இடைவெளி'.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பாடம்தான். ஒரு சிலிங்கைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அதைக் கையில் எடுத்து, முழு நீளமும் தடவிப் பாருங்கள். உங்கள் கை அழுக்காகவில்லை என்றால் நீங்கள் தவறான சிலிங்கைப் பரிசோதிக்கிறீர்கள்.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேகரிடம் எல்லாம் சொன்னேன். "தாங்காதுன்னு அவரே சொன்னாரா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அப்புறம் கேட்டான்.

"அக்கா, கேட்டுல போர்டு இருக்குல்ல, விபத்து இல்லாம எத்தன நாளு வேல நடந்துச்சுன்னு. அதுல இப்ப என்ன போட்டுருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அவன் கால் உடைந்த பிறகும் அந்த எண்ணிக்கை நிற்காமல் ஏறிக்கொண்டே போயிருந்தது. விபத்துக்குப் பிறகு வேலை நின்ற நாட்களைக்கூட விடவில்லை.

சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்த நாகப்பனைக் கூப்பிட்டேன். நாற்காலியைப் போட்டு ஏறச் சொன்னேன். அவர் ஏறி எல்லா எண்களையும் கழற்றிவிட்டு ஒரு பூஜ்யத்தை மாட்டினார். வேலைக்கு வந்த ரிக்கர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த சைட்டில் எழுதிவைத்த எண்களில் உண்மையான எண் என்று நான் பார்த்தது அது ஒன்றுதான்.