பொன்வண்டுப் பச்சை

என் தம்பி பெண்டாட்டி தனக்கோடி பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள். மார்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவாள். இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். அதனால் எதைக் கொடுத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகும். முப்பது வருஷப் பழக்கம், சொன்னால் போகுமா?

மாசி மாதம் ஷாலினி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் விரல் நீளப் பட்டைகள் கொண்டுவந்தாள். அசல் பொன்வண்டுப் பச்சை. சாயமே கிடையாதாம். வண்டின் இறக்கையில் கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள் இருக்கின்றன, அவைதான் வெளிச்சத்தைப் பச்சையாகத் திருப்புகின்றன, அதைப் பார்த்துச் செய்தது என்றாள். தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் அடுக்குகள் உப்பி, பச்சை சிவப்பாகும். தனக்கோடி இறால் பிடிக்கும் இடத்தில் வாரம் ஒன்றாக மூன்று முறை முக்க வேண்டும். மூன்றும் சிவந்தால் அந்த இடத்து இறாலைத் தின்னாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

அந்த இடம் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆனாலும் பாவி, அந்தப் பச்சையில் மயங்கிவிட்டாள். சாய்த்தால் நீலம், நிமிர்த்தினால் பச்சை. தண்ணீரில் நிற்கும்போது ஏரியே அந்த நிறமாகி, பூநாரைகளும் தன் கைகளும்கூட மினுமினுப்பதாகத் தெரியுமாம். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று திட்டினேன். எனக்கும் ஒருமுறை பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

மூன்று பட்டைகளும் சிவந்தன. தனக்கோடி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. ஷாலினி பட்டைகளை உறையில் போடும்போது நான் வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் பல் தடம்.

"வாயிலயாடி வச்சே?" என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நாள் முழுக்க வெற்றிலை போடுகிற வாய். சுண்ணாம்பு பட்டாலும் இது சிவந்துவிடும் என்று ஷாலினி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ கோபத்தைவிட நிம்மதிதான் வந்தது. ஏரி நன்றாக இருக்கிறது, இவள்தான் கிறுக்கி. தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை வெற்றிலை போடாமல், பறியைக் கரையிலேயே வைத்துவிட்டு, புதுப் பட்டையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காற்றே இல்லை. நானும் ஷாலினியும் கரையில் நின்றோம். முக்கினாள், எடுத்தாள், அப்படியே நின்றாள். வெகுநேரம் கழித்து நடந்து வந்து பட்டையை என் கையில் வைத்தாள். ரத்தச் சிவப்பு.

"தப்பு என்னுதாவே இருந்திருக்கக் கூடாதா, அண்ணி?" என்றாள்.